பேசுபவர்கள் பெயரை எழுது

1

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பெரிய ற வர வேண்டிய இடத்தில் சின்ன ர வந்திருக்கும். எங்கே ஒற்று மிகும் என்பது எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. டைப் அடிக்கிற பெண் பொறுமையாகப் பார்த்துச் சரி செய்துகொள்ளட்டும். பிழையை மட்டும் சரி செய்தால் போதும். நான் திட்டியிருப்பதை அப்படியே விட்டுவிட வேண்டும்.

விருத்தாசலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு இந்த மாத இதழையும் நடத்துகிற அண்ணன், "ஷார்ஜா வாழ்க்கையப் பத்தி எதுனா எழுதுப்பா" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு நாலு பேர் முன்னால் பேசவே வராது, எழுத்து எங்கே வரும் என்று தட்டிக் கழித்து வந்தேன். போன வாரம் ஒரு கடிதம் வந்தது. என் மகள் முன்பு படித்த மெட்ரிகுலேஷன் பள்ளிக்குப் பத்தாம் ஆண்டு விழாவாம். அதற்கு ஒரு மலர் போடுகிறார்களாம். 'கடல் கடந்தும் கல்வியை மறவாத பெற்றோர்' என்று அதில் ஒரு பகுதி. நான் அனுபவம் எழுதி, போட்டோ ஒட்டி, அரைப் பக்க விளம்பரமும் கொடுக்க வேண்டுமாம்.

என் மகள் அந்தப் பள்ளியை விட்டு நின்று நாலைந்து மாதமாகிறது. பிள்ளை போனது அவர்களுக்குத் தெரியவில்லை. அப்பன் ஷார்ஜாவில் இருப்பது மட்டும் மறக்கவில்லை.

அனுபவம்தானே கேட்டார்கள், எழுதிவிட்டேன். அவர்களுக்கு அனுப்பாமல் அண்ணனுக்கு அனுப்புகிறேன்.

2

இங்கே நான் டைல்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஊரில் பீங்கான் ஷெட்டில் சூளைக்குச் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தவன். இங்கே அடுக்குகிற வேலையெல்லாம் மெஷினே செய்துவிடுகிறது. சூளையிலிருந்து டைல் ஒன்றன் பின் ஒன்றாக பெல்ட்டில் வரும். மேலே பளீரென்று விளக்கு எரியும். நான் நின்றுகொண்டு பார்க்க வேண்டும். ஓரம் உடைந்தது, மேலே புள்ளி விழுந்தது வந்தால் கையிலுள்ள பென்சிலால் அதன் மேல் ஒரு கோடு போட வேண்டும். நல்ல டைலுக்கு எதுவும் எழுத வேண்டாம். ஷிப்டு முழுக்க இதுதான் வேலை. சிந்திக்கக் கூடாது. சிந்தித்தால் கோடு தப்பிப் போகும். பேசவும் கூடாது. என் மாதிரிக் கூச்சக்காரனுக்கு அது ஒன்றுதான் சௌகரியம்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. நாங்கள் தங்கியிருக்கிற கேம்ப் வாசலில் இருக்கிற பூத்தில் கார்டு போட்டு வீட்டுக்குப் பேசுவேன். என் மனைவி அஞ்சலை கறிகாய் விலையில் தொடங்கி, யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது வரைக்கும் சொல்லிவிட்டு, போனை மகளிடம் கொடுப்பாள். மகள் பெயர் தேன்மொழி. போன வருடம் மூன்றாம் வகுப்புக்குப் போனாள். அவள் முதலில் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்.

"அப்பா, அங்க மணி இன்னா?"

"நாலும்மா."

"இங்க அஞ்சரை. அப்போ ஒனக்கு இன்னும் ஒன்ற மணி நேரம் பாக்கி கெடக்குது. பாவம்ப்பா நீ."

குழந்தை விளையாட்டாகச் சொல்கிறது என்று சிரித்தேன். பிறகுதான் புரிந்தது, அவள் நிஜமாகவே எனக்காக இரக்கப்படுகிறாள் என்று. அவள் கணக்கில் நேரம் என்பது உட்கார்ந்து தீர்க்க வேண்டிய ஒன்று. பள்ளிக்கூடம் அவளுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தது.

3

அந்தப் பள்ளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாய்கூட நிழல் தேடுகிற எங்கள் ஊர் வெயிலில், பிள்ளைகள் கழுத்தில் டை கட்டி, காலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு போக வேண்டும். ரைஸ் மில் வைத்திருப்பவர்தான் தாளாளர். பள்ளியையும் மில் மாதிரியே நடத்துகிறார். பாடம் என்றால் மிஸ் கேள்வி பதிலைப் போர்டில் எழுதுவார், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், வீட்டுக்கு வந்து மனப்பாடம் செய்வார்கள், மறுநாள் அதையே ஒப்பிப்பார்கள். வாந்தி எடுத்ததையே திரும்ப வாந்தி எடுப்பது போல. இதற்குப் பெயர் இங்கிலீஷ் மீடியம்.

தேன்மொழி புத்தகம் வாங்கின வாரத்திலேயே அதைப் படித்து முடித்துவிடுவாள். பிறகு வருடம் முழுக்க அவள் என்ன செய்வாள்? முன்னால் இருக்கிற பிள்ளையின் ரிப்பனை எண்ணுவாள். நோட்டின் ஓரத்தில் படம் போடுவாள். மிஸ் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லுவாள். டைரியில் மிஸ் இங்கிலீஷில் ஏதோ எழுதி அனுப்புவார். அஞ்சலைக்கும் இங்கிலீஷ் தெரியாது, எனக்கும் தெரியாது. டைரியைப் படித்துச் சொல்கிற ஒரே ஆள் தேன்மொழிதான்.

"இன்னாடி எழுதிக்கிறாங்க?"

"நான் நல்லா பேசுறேனாம்மா. நெறைய பேசுறேன்னு எழுதிக்கிறாங்க."

அஞ்சலை சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறாள். அந்தக் குழந்தை பொய்யும் சொல்லவில்லை.

காலையில் வயிற்று வலி என்று படுத்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். சனி ஞாயிறில் அந்த வலி வருவதேயில்லை.

இங்கே என் அறையில் கருவேப்பிலங்குறிச்சிக்காரர் ஒருவர் இருக்கிறார், வேலாயுதம். அவர் மகனும் அதே பள்ளிதான். அவரிடம் யோசனை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அபாகஸ்ல சேத்து வுடு மாமா. அப்புறம் கராத்தே. அப்புறம் இந்தி. புள்ளைக்கு மூச்சு வுட நேரம் இருக்கக் கூடாது. அப்புறம் எங்கேருந்து போரடிக்கும்?"

"அதுக்குப் பள்ளிக்கொடத்துலதாம்ப்பா போரடிக்குது."

"எல்லாருக்குந்தான் அடிக்குது. ஒனக்கு இங்க அடிக்கல? பெல்ட்ட வுட்டு ஓடியா போயிட்ட?"

எங்கள் ஆட்களின் புத்தி இதுதான். நாம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறோம், பிள்ளையும் நிற்கட்டும். ஒரு வித்தியாசத்தைத்தான் அவர் பார்க்கவில்லை. நான் சும்மா நிற்பதற்குக் கம்பெனிக்காரன் எனக்குச் சம்பளம் கொடுக்கிறான். அவள் சும்மா உட்கார்வதற்கு நான் ஃபீஸ் கட்டிக்கொண்டிருந்தேன்.

4

ஆடி மாதம் லீவில் ஊருக்குப் போனேன். வெளிநாட்டிலிருந்து வந்தவன் பிள்ளையின் மிஸ்ஸுக்குக் கை நிறைய கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். சென்ட் பாட்டில், தைலம், சோப்பு, பிஸ்தா எல்லாம் ஒரு பையில் போட்டு அஞ்சலை என்னைப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

தாளாளர் அறையில் ஏசி. அவர் பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு உட்காரச் சொன்னார். மிஸ்ஸும் வந்து நின்றார். அஞ்சலைதான் ஆரம்பித்தாள்.

"புள்ள காலையில ஸ்கூலுக்குன்னா வவுத்த வலிக்குதுன்னுதுங்க சார்."

"உங்க பொண்ணு ரொம்ப பிரைட்டும்மா. அதான் பிரச்சினையே" என்றார் தாளாளர். "வூட்ல டியூசன் வச்சிருக்கீங்களா?"

எல்லாம் தெரிந்திருப்பதுதான் பிரச்சினை என்கிறார். அதற்கு மருந்தாக, அதையே சாயந்திரமும் ஒரு தடவை சொல்லிக் கொடுக்கச் சொல்கிறார். மில்லில் தவிட்டைத் திரும்ப அரைத்தால் அரிசி வருமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. எனக்கு இந்த மாதிரிப் பதில்கள் எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும். அங்கே நான் சொன்னது இவ்வளவுதான்:

"டியூசன் வாணாங்க. அது சீக்கிரம் கலாஸ் பண்ணிடுது. பண்ணிட்டு சும்மா குந்திக்கினு இருக்குது. எதுனா வேல குடுங்க."

பதற்றத்தில் அரபிச் சொல் வந்து விழுந்துவிட்டது. இங்கே வேலை முடிந்தால் கலாஸ் என்போம், தண்ணீர் தீர்ந்தாலும் கலாஸ். மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "கரெக்ட் சார், குடுத்துடலாம்" என்று பையை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாளே வேலை கொடுத்துவிட்டார்கள். தேன்மொழி சட்டையில் 'லீடர்' என்று பேட்ஜ் குத்திக்கொண்டு வந்தாள். அஞ்சலை தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். நானும் கேசரிக்கு ரவை வாங்கி வந்தேன். சென்ட் பாட்டிலுக்கு நல்ல பலன் என்று நினைத்தேன். வயிற்று வலியும் நின்றுவிட்டது. நாங்கள் வேறென்ன கேட்கப் போகிறோம்?

5

லீடர் வேலை என்னவென்று படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மிஸ் இல்லாதபோதும், இருந்து நோட்டுத் திருத்தும்போதும், போர்டு பக்கத்தில் நின்று பேசுகிறவர்கள் பெயரை எழுத வேண்டும். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. ஒரு குறிக்கு ஒரு அடி. நான் படித்த காலத்திலும் இது உண்டு. டை கட்டிய பள்ளிக்கும் வேறு ஒரு யோசனையும் தோன்றவில்லை.

ஒரு வாரத்தில் அவள் வீட்டுச் சுவரிலும் எழுத ஆரம்பித்தாள். இரவு சாப்பிடும்போது அஞ்சலை ஏதோ சொல்ல, இவள் எழுந்து போய்ச் சுண்ணக்கட்டியால் 'அம்மா' என்று எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அஞ்சலை சிரித்துப் புரையேறினாள். இரண்டாம் நாள் அவ்வளவு சிரிப்பு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பையில் யார் யாரோ கொடுத்த இலந்தை வடையும் ரப்பரும் இருந்தன. எட்டு வயதில் மாமூல்.

ஒரு சாயந்திரம் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

"இன்னிக்கி யாரு பேரும்மா எழுதின?"

"கலையரசி. நாலு பெருக்கல்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கலையரசி கம்மாபுரம் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை. தேன்மொழிக்கு அந்தப் பள்ளியில் இருந்த ஒரே சிநேகிதி. வீட்டுக்கெல்லாம் வந்திருக்கிறாள்.

"அது ஒன் பிரண்டாச்சே?"

"பிரண்டுன்னா? பேசினா எழுதணும்னு மிஸ் சொல்லிக்கிறாங்க."

"இன்னா பேசுச்சு?"

"கழித்தல் கணக்குல கடன் வாங்குறது எப்பிடின்னு எங்கிட்ட கேட்டா."

"அது பாடந்தானம்மா?"

"பேச்சுதாம்ப்பா" என்றாள், என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பது போலப் பார்த்து. "எல்லாரு வாயும் பாத்துக்கினே இருக்கணும்ப்பா. வேற எதுவும் நெனைக்கக் கூடாது. நெனச்சா யாராச்சும் பேசிட்டுத் தப்பிச்சிடுவாங்க."

விளக்குக்குக் கீழே நிற்பது, வருவதையெல்லாம் பார்ப்பது, குறை உள்ளதன் மேல் கோடு போடுவது. நல்லதற்கு எதுவும் எழுத வேண்டாம். நினைக்கக் கூடாது. நான் அவளுக்கு வேலை கொடுக்கச் சொன்னேன். அவர்கள் என் வேலையையே எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். எதற்காக நான் கடல் தாண்டிப் போய் அந்த பெல்ட் முன்னால் நிற்கிறேனோ, அது இல்லாமல் போய்விட்டது.

சலிப்பு போய்விட்டது உண்மைதான். கேள்வியும் அதோடு போய்விட்டது. லீடராக இருந்த அந்த மூன்று வாரத்தில் அவள் ஒரு தடவைகூட என்னிடம் 'ஏன்' என்று கேட்கவில்லை.

6

மறுபடி பள்ளிக்குப் போனேன். இந்தத் தடவை தனியாக. கையில் பை இல்லாததால் உட்காரச் சொல்லவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதை அந்தப் பள்ளி வழக்கப்படியே ஒப்பித்தேன்.

"லீடர் வேலையிலேருந்து எம் பொண்ண எடுத்துடுங்க சார்."

தாளாளர் பக்கத்து மேசையிலிருந்த கணக்குப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். "லீடர் குடுங்கன்னு சண்டைக்கி வர்ற அப்பனத்தான் பாத்துருக்கேன். வாணாங்கிற ஆள இன்னிக்கித்தான் பாக்குறேன். என்னா விசயம்?"

"பேசுறவங்க பேர எழுதறதுக்கு அது படிக்க வரலைங்க."

"டிசிப்ளின் சார். நீங்க இருக்கிற ஷார்ஜாவுல டிசிப்ளின் இல்லாமியா அவ்ளோ பெரிய பில்டிங் கட்டிக்கிறான்?"

அந்தக் கட்டடத்துக்கெல்லாம் டைல் பார்த்து அனுப்புகிறவன் நான். அவர் எனக்கு ஷார்ஜாவைப் பற்றிச் சொல்கிறார். "டி.சி. குடுத்துடுங்க" என்று மட்டும் வாயிலிருந்து வந்தது. அதை நான் மனப்பாடம் செய்துகொண்டு போகவில்லை.

டி.சி.க்கு மூன்று நாள் நடக்க விட்டார்கள். அதில் காரணம் என்று ஒரு இடம் இருக்கிறதாம். கணக்குப்பிள்ளை என்னைக் கேட்காமலேயே 'குடும்ப வறுமை' என்று எழுதப் போனார்.

"வறுமை இல்லைங்க. புள்ளைக்குப் போரடிக்குதுன்னு எழுதுங்க."

"அப்பிடில்லாம் எழுத முடியாதுங்க. வறுமை, மாற்றல், ஒடம்பு சரியில்ல. மூணுல ஒண்ணு சொல்லுங்க."

"ஒடம்பு சரியில்லன்னு போட்டுக்குங்க. பள்ளிக்கொடத்துக்கு."

இவ்வளவு வயதில் நான் நேருக்கு நேராகச் சொன்ன ஒரே பதில் அதுதான். மெதுவாகத்தான் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். மாற்றல் என்று எழுதினார்.

7

வேறு மெட்ரிகுலேஷனில் போட்டிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், எங்கள் தெருமுனையிலேயே இருக்கிற அரசுப் பள்ளியில் சேர்த்தேன். ஒரு நாள் காலையில் அந்த வழியாகப் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். பெஞ்சு இல்லை. பிள்ளைகள் பாயில் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றாவதிலிருந்து நாலாவது வரை ஒரே அறையில். சுவரில் ஏணி மாதிரி ஒரு படம். ஒவ்வொரு பிள்ளையும் ஏணியில் தன் இடத்தைப் பார்த்துவிட்டு, தட்டிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கிறது. முடித்தால் அடுத்த அட்டை. யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அந்த வருடம் எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் இந்த முறை வந்திருக்கிறது என்று பிறகு சொன்னார்கள். எங்கள் ஆட்கள் யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. டை இல்லாத பள்ளியை ஏன் பார்க்க வேண்டும்?

அந்தப் பள்ளி சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. கழிப்பறைக் கதவு பாதிதான் இருக்கிறது. டீச்சர் பேசத் தொடங்கினாலே, நிரப்பிக் கொடுக்க வேண்டிய தாள்களைப் பற்றித்தான் புலம்புகிறார். அறையில் சந்தை இரைச்சல். "இங்க வேகமா போற புள்ளைய நிறுத்த மாட்டீங்களா?" என்று கேட்டேன். "நிறுத்துறதுக்கு எனக்கு எங்க சார் நேரம்?" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அஞ்சலை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கடைசியில் வெடித்தாள்.

"வெளிநாட்டு சம்பாத்தியம்னு ஊரே பேசுது. நீங்க புள்ளைய சத்துணவு வரிசையில குந்த வச்சிட்டீங்க. எங்க அண்ணி கேக்குறா, ஷார்ஜாவுல வேல பூடுச்சான்னு. நான் இன்னா சொல்லட்டும்?"

"பூடுச்சின்னு சொல்லு."

அண்ணிகள் கேட்பார்கள். பிள்ளை என்ன படிக்கிறது என்று எந்த அண்ணியும் கேட்டதில்லை. எந்த வேனில் போகிறது என்றுதான் கேட்பார்கள். இந்த மனிதர்களுக்காகவா நாம் டை வாங்கினோம் என்று நினைத்தால் எனக்கு இன்னும் குமட்டுகிறது. வேலாயுதமும் இங்கே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அவர் மகன் அபாகஸில் மெடல் வாங்கியிருக்கிறான். கடையில் மீதிச் சில்லறை எண்ணத் தெரியாது.

லீவு முடிந்து கிளம்பும் முன் ஒரு நாள் பள்ளிக்குள் போய்ப் பார்த்தேன். சுவரின் அடிப்பகுதி முழுக்கக் கறுப்பு பூசி, பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை செய்திருந்தார்கள். ஆளுக்கொரு துண்டு. தலைப்பில் அந்தந்தப் பிள்ளை தன் பெயரைத் தானே எழுதிவைத்திருந்தது. 'தேன்மொழி' என்ற பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி எதுவும் இல்லை. கீழே பெருக்கல் கணக்குதான் இருந்தது. அதில் ஒன்று தப்பு. அவள் கணக்கில் தப்பைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். முதன்முறையாக அவளுக்குத் தெரியாத ஒன்றை யாரோ அவளிடம் கொடுத்திருக்கிறார்கள்.

நாலாவதுக்கு மேல் இந்த அட்டை இல்லையாம். அப்போது என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது.

8

இன்று வெள்ளிக்கிழமை. வழக்கம் போல பூத்துக்குப் போனேன். அஞ்சலை இப்போது பேசுகிறாள். மகளிடம் கொடு என்றேன். அவள் ஓடி வந்து வாங்குகிற சத்தம் கேட்டது, மூச்சு வாங்கிற்று. மணி என்ன என்று கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அப்பா, சீக்கிரம் சொல்லு."

"ஏம்மா?"

"கலையரசி பஸ்ஸுக்கு நிக்கிறாப்பா. பஸ் வர்றதுக்குள்ள அவளுக்குக் கழித்தல் சொல்லிக் குடுக்கணும். இன்னிக்கி பத்துலேருந்து கடன் வாங்குறது. மொதல்ல எங்கூட பேசவே மாட்டேன்னுட்டா. தெனம் போயி நின்னேன், இப்பதான் ஒரு வாரமா பேசுறா. ஏம்ப்பா அவுங்க மிஸ் அதச் சொல்லித் தர மாட்டேங்குறாங்க? பஸ் வந்துடும்ப்பா, வச்சிடட்டா?"

"வச்சிடும்மா."

வைத்துவிட்டாள். அவள் இப்படி என்னை விட்டு ஓடுவாள் என்று தெரிந்தேதான் எல்லாம் செய்தேன். ஆனாலும் ரிசீவரைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் வரிசையில் நின்ற வங்காளி, "கலாஸ்?" என்று கேட்டார். கலாஸ் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அங்கே மணி ஐந்தரை. இங்கே நாலு. எனக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் பாக்கி இருந்தது. அறைக்கு வந்து, அந்த நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதினேன்.

25.01.2008, வெள்ளிக்கிழமை.